கொட்டகையை விட்டு வந்த பாட்டுகள்

நாடகத்துக்காகக் கட்டிய பாட்டை, வேஷமும் திரையும் இல்லாமல் தனியே பாடினால் அதன் கதி என்ன? அமெரிக்காவில் ஜாஸ் பாடகர்கள் இந்தக் கேள்விக்குப் பாடியே பதில் சொல்லிவிட்டார்கள். எல்லா பிட்ஸ்ஜெரால்டு அம்மையார் 1956-ல், கோல் போர்ட்டர் நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் இயற்றிய பாட்டுகளில் 32-ஐத் தேர்ந்து, இரண்டு இசைத்தட்டுகளில் பாடினார். அந்த நாடகங்களில் பலவற்றின் பெயரைக்கூட இன்று சொல்வாரில்லை. பாட்டுகள் மட்டும் ஜீவித்திருக்கின்றன.

கெர்ஷ்வினின் 'போர்கி அண்டு பெஸ்' 1935-ல் அரங்கேறியது. அதில் ஓர் இளந்தாய் தன் சிசுவுக்குப் பாடும் தாலாட்டு, 'சம்மர்டைம்'. மறு வருஷமே பில்லி ஹாலிடே அதைத் தட்டில் பாடினார். தாயும் இல்லை, தொட்டிலும் இல்லை, தாளம் துள்ளுகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு எந்தக் குழந்தையும் தூங்காது என்பது நமது அபிப்பிராயம். ஆயினும், தாலாட்டில் மறைந்திருந்த துயரம் அந்தக் குரலில் வெளியே வந்து நிற்கிறது. பாட்டு இடம் மாறியதால் உண்டான லாபம் இது.

இவ்வளவு தூரம் போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நம்மிடமும் சரக்கு இருக்கிறது. செங்கோட்டைக் கிட்டப்பா தியாகராஜரின் கீர்த்தனங்களை நாடக மேடைக்கே கொண்டுபோனார். அது எதிர்த்திசைப் பிரயாணம். 1933-ல், 27 வயதில் அவர் மறைந்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும் பழைய பிளேட்டுகளில் அவருடைய குரலை இன்றும் கேட்கிறோம்.

ஆனால் நம்மை உறுத்துவது வேறொரு பாட்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் ஊரூராகச் சென்றது. அதில் 'வருகலாமோ' என்று நந்தன் கேட்கிறான். பண்ணையாள், சேரியில் பிறந்தவன், சிதம்பரத்துக்கு வந்தும் உள்ளே நுழைய உத்தரவில்லாமல் நிற்பவன். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையாரைப் பாரதியார் கதைக்குள் கொண்டுவந்ததால், அந்தக் கேள்விக்குப் பின்னால் கூலியும் வயலும் அதிகாரமும் நிற்கின்றன. 1935-ல் கே.பி. சுந்தராம்பாளும், 1942-ல் தண்டபாணி தேசிகரும் படத்தில் நந்தனாகவே நடித்துப் பாடினார்கள்.

கச்சேரியில் இப்பாட்டு பெரும்பாலும் பிற்பகுதியில் வருகிறது. மாஞ்சி ராகம் உருகுகிறது, சபை தலையாட்டுகிறது. கேட்பவன் யார், கேட்கப்படுபவன் யார் என்பது மட்டும் காணாமற் போய்விடுகிறது. வித்வான்கள் சிலர் அந்த ஒரு சொல்லில் இழைக்கும் சங்கதிகளைக் கேட்டால், நந்தன் நுழைய அனுமதி கேட்கிறானா, இல்லை, ஏற்கெனவே உள்ளே வந்து சாவகாசமாக உட்கார்ந்துவிட்டானா என்று சந்தேகம் வருகிறது!

நாம் இருக்கும் சிதறால், அந்நாளில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1936-ம் வருஷம் நவம்பர் 12-ம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகும் வரையில், இந்தப் பிரதேசத்தில் 'வருகலாமோ' என்பது சங்கீதம் அல்ல. கோயில் வாசலில் நின்றவர்களின் நிஜமான கேள்வி. நமது ஊர் மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகை பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. சுவரில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாக வந்தவர்கள் பழையதைச் செதுக்கி எறியவில்லை. பாடகர்களிடமும் நாம் இவ்வளவுதான் கேட்கிறோம்.

பில்லி ஹாலிடே தாளத்தை மாற்றினார். ராகத்தைக்கூட ஒருவர் மாற்றிக்கொள்ளட்டும், ஆட்சேபமில்லை. பள்ளிக்கூடத்தில் இப்பாட்டைப் பாட வரும் பிள்ளைகளிடம், சுருதி சேர்ப்பதற்கு முன், "இதை யார், எங்கே நின்று கேட்கிறார்?" என்று நாம் கேட்பது வழக்கம். சென்ற வருஷம் ஒரு பெண் சற்று யோசித்துவிட்டு, "வெளியே நின்று, ஸார்" என்றாள். அன்று அவள் சங்கதி ஒன்றும் போடவில்லை. பல்லவியை இரண்டே முறை பாடி, அடுத்த அடிக்குப் போகுமுன் சிறிது நேரம் நிறுத்தினாள்.