சாவு வீட்டில்தான் சந்திக்க வேண்டுமா?



ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. சிலர் மாசாய், பாசிர் கூடாங் என்று ஆலை வேலைக்குப் போனார்கள். சிலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள். வேறு சிலர் சிலாங்கூருக்கும் பேராக்குக்கும் குடிபெயர்ந்தார்கள். இவர்கள் மீண்டும் ஒன்றுகூடுவது எங்கே? பெரும்பாலும் சாவு வீட்டில்தான். “இப்படியா பார்க்கவேண்டும்!” என்று கட்டிப்பிடித்து அழுகிறோம். காரியம் முடிந்ததும் அவரவர் வழியே பிரிகிறோம்.

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதை பிள்ளைகளுக்கும் தெரியும். சோழன் இருந்தது உறையூரில். புலவர் இருந்தது பாண்டிய நாட்டுப் பிசிரில். ஒருவரையொருவர் பாராமலே நட்புக் கொண்டனர். மன்னன் வடக்கிருந்தபோதுதான் புலவர் தேடி வந்தார். தாமும் உயிர் நீத்தார். போற்றத்தக்க நட்புதான். ஆனால் அது பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலம். நமக்கு என்ன தடை?

ஒரு தடை உண்மையாகவே இருந்தது. 2014ஆம் ஆண்டு முதல் ஜொகூரில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பேராக்கில் சனி, ஞாயிறு. என்னோடு ஆசிரியப் பயிற்சி பெற்ற நண்பர் அங்கேதான் இருக்கிறார். வியாழன் இரவு பஸ் ஏறி வெள்ளி காலை போய் இறங்கினால், அவர் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். சனிக்கிழமை பகல் மட்டுமே எங்களுக்கு. அன்று இரவே திரும்பினால்தான் ஞாயிறு காலை மணி அடிக்கும்போது நான் வகுப்பில் நிற்க முடியும். பல வீடுகளுக்குள்ளேயும் இதே தொல்லைதான்: பிள்ளைக்கு வெள்ளி, சனி ஓய்வு, ஆலைக்குப் போகும் தகப்பனுக்கு ஞாயிறு.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூருக்கும் சனி, ஞாயிறே விடுமுறை. அதே ஆண்டு டிசம்பரில் மின்சார ரயிலும் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. முன்போல் கெமாஸில் இறங்கி வண்டி மாறவேண்டியதில்லை. நாளும் பொருந்திவிட்டது, வழியும் எளிதாகிவிட்டது.

மிஞ்சியிருப்பது செலவு. குலை வெட்டும் குடும்பத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போகும். டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். அதை நான் அறியாதவனல்லன். ஆகையால் மாதந்தோறும் போகச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நண்பர் வீட்டுக்கு. உண்டியலில் வாரம் கொஞ்சம் போட்டு வந்தால் டிக்கெட் காசு சேர்ந்துவிடும்.

போகுமுன் சில காரியங்களைக் கவனியுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சொல்லாமல் போய் நின்றால் அந்த வீட்டு அம்மாள்தான் தவித்துப்போவார். வெறுங்கையோடு போகாதீர்கள், கொல்லையில் வெட்டிய ஒரு சீப்பு வாழைப்பழமும் வீட்டில் சுட்ட முறுக்கும் போதும். அங்கே அவர்கள் உங்களுக்காகக் கடன் வாங்கிக் கறி சமைக்க இடம் தராதீர்கள். “ரசமும் கருவாடும் போதும், அக்கா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நம் நட்பு நம்மோடு முடிந்துவிடக் கூடாது. பழைய தோட்டம், ஆற்றங்கரை, கோயில் திருவிழா ஆகியவற்றை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசும்போதுதான் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். வீட்டில் நாம் தனியாகச் சொன்னால் அது அவர்களுக்குப் புத்திமதி!

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘பழைமை’. நெடுநாள் பழகிய நட்பின் உரிமையைச் சொல்வது அது. அந்த உரிமை டெலிபோனில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பதோடு நின்றுவிடலாமா? தாடி நரைத்ததையும் இருமல் முற்றியதையும் நேரில் போனால்தான் காண முடியும். கஷ்டத்தைச் சொல்லாமல் மறைக்கும் நண்பனின் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வாரம் போக முடியாவிட்டால் குற்றமில்லை. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவரைக் கூப்பிட்டு, இருவருக்கும் ஒத்துவரும் ஒரு சனிக்கிழமையைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.