காட்டுக்கு யார் படியளப்பது?

'சுற்றுலா வளர்ச்சி' என்று சொன்னால் எங்கள் மாவட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். 'காட்டுப் பராமரிப்பு' என்று சொல்லிப் பாருங்கள், கொட்டாவி விடுவார்கள். அந்தக் கொட்டாவியோடுதான் எனக்குச் சண்டை.

வெளியூர்க்காரர்களுக்குக் கன்னியாகுமரி என்றால் கடல், பாறை, சிலை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது மலை. 1,672 சதுர கிலோமீட்டர் மாவட்டத்தில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் காடு, 2008-இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய கால்வாசி மாவட்டம். மும்பை நகரத்துக்குள் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைப்போல நான்கு மடங்கு. சென்னையின் கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யானை, புலி, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் உள்ள இந்தக் காட்டின் விளிம்புக்கு நாகர்கோவிலில் இருந்து பைக்கில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். சிக்கலும் அதுதான். போய்விடலாம்.

பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. வேலை பார்க்கும் நாங்கள் லீவுக்கு ஊர் வந்தால் முதல் மெசேஜ், "லே மக்கா, காளிகேசம் போவமா?" கீரிப்பாறை தாண்டி ஆற்றில் இறங்கி, நாலு ரீல்ஸ் எடுத்து, பரோட்டா சாப்பிட்டுத் திரும்புவது. தப்பில்லை. காட்டைப் பார்க்காத தலைமுறை காட்டுக்காகப் பேசாது. ஆகவே 'மொத்தமா பூட்டிப் போடு' என்கிற தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. பூட்டிய காட்டுக்குள் நடப்பதை யாரும் கேட்கவும் முடியாது.

ஆனால், 'திறந்து விடு, ரோடு போடு, கண்ணாடிப் பாலம் கட்டு' என்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. டிக்கெட் கிழித்த பிறகு என்ன நடக்கிறது?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களின் பட்டியல் அது. வன உயிரின ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களோடு சட்டபூர்வமான கொடுக்கல் வாங்கல். சுற்றுலா ஐந்தில் ஒன்று. நாம் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் மறந்துவிட்டோம். இந்தக் காட்டைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களைவிட இந்தக் காட்டில் எடுக்கப்பட்ட ரீல்ஸ் அதிகம் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மென்பொருள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த அநியாயம் ஒன்று உண்டு. புது ஃபீச்சர் வெளியிட்டவனுக்குக் கேக் வெட்டுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழைய சர்வரைத் தூக்கி நிறுத்தியவன் பெயர்கூடத் தெரியாது. காட்டிலும் அதே கதைதான். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவருக்கு? உண்ணிச்செடியைப் பிடுங்குகிறவருக்கு? மழையில் அட்டை கடிக்க ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு? பராமரிப்பு என்பது இதுதான், வருஷம் முழுக்க, ஒவ்வொரு நாளும். ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு பாட்டில் பொறுக்கி, பேனர் பிடித்துப் படம் எடுப்பது பராமரிப்பு ஆகாது. பொறுக்கியவர்களை நான் கேலி செய்யவில்லை. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே பாட்டில் கிடக்கிறதே, அதைக் கேட்கிறேன்.

"கேரளாக்காரனப் பாருடே, டூரிசத்துல எப்படிச் சம்பாதிக்கான்" என்பார்கள். சரி, பார்ப்போம். தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களையே அழைத்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். ஊர்க்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களிடம் சுற்றுலாவை ஒப்படைத்தார்கள். கேரளாக்காரன் சம்பாதித்தான்தான். காட்டில் வாழ்கிறவனைக் கூட்டாளி ஆக்கிச் சம்பாதித்தான். அந்தப் பாதியை விட்டுவிட்டுப் படகையும் ரிசார்ட்டையும் மட்டும் காப்பியடிக்கச் சொல்கிறோம்.

2006-இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கச் சொல்கிறது. வாசலில் வசூலாகும் காசு அங்கேயே திரும்பிச் செலவாக அது வழி செய்கிறது. மகேந்திரகிரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். மலைக்கு இந்தப்பக்கம் நாங்கள் சரணாலயம். புலி இரண்டு பக்கமும் நடக்கிறது, சட்டம் மட்டும் உச்சியில் நின்றுவிடுகிறது.

அதே 2006-இல் வந்த வன உரிமைச் சட்டமோ, சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் காட்டு மக்களுக்கு உரிமை தருகிறது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர்களை நாம் கூப்பிடுவது ஆடி மாதக் கொட்டும் மழையில் வழிதவறிய டூரிஸ்ட்டைத் தேடுவதற்கு. திட்டம் போடும் மேஜைக்குக் கூப்பிடுவதில்லை. 1987-இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை விஞ்ஞானிகளுக்குக் காட்டியது காணிக்காரர்கள். அவர்களுக்குக் காட்டைப் பற்றி வகுப்பெடுக்க நாம் யார்?

இதெல்லாம் காட்டு விலங்குகள் மேல் உள்ள கருணையால் மட்டும் சொல்வதல்ல, சோற்றுக்காகவும்தான். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கு வரும் தண்ணீர் இந்தக் காட்டில் விழுந்த மழை. இலைக்குப்பையும் வேரும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் ஓடுகிறது. மண்ணைப் பிடிக்க மரம் இல்லையென்றால் அந்த மண் அணைக்குத்தான் வரும். கோதையாறு கால்வாய்கள் வழியாக நாஞ்சில் நாட்டு வயலுக்கும் குளத்துக்கும் வந்து சேர்வது அந்தக் காட்டின் உழைப்பு. நமக்குப் படியளக்கிற காடு அது. அதற்கு யார் படியளப்பது?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று வரம்பு வையுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-இல் இ-பாஸ் வந்தபோது உலகம் இடிந்து விழவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கி, திருப்பிக் கொண்டுவந்தால் கொடுங்கள். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று 2022-இலேயே செய்து காட்டியாகிவிட்டது. அப்புறம், வாசலில் ஒரு கரும்பலகை: இந்த மாதம் வசூல் இவ்வளவு, காவலர் கூலி இவ்வளவு, தீத்தடுப்புக்கு இவ்வளவு, காணிக்குடிகளுக்கு இவ்வளவு. டீக்கடைக்காரர்கூட நோட்டில் பற்று வரவு எழுதுகிறார். 402 சதுர கிலோமீட்டரை வைத்திருக்கும் அரசாங்கம் எழுதக்கூடாதா?

எழுதும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்தமுறை கேட்டில் காசு கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். வாங்கிவிட்டுக் கேளுங்கள், "அண்ணே, இதுல காட்டுக்கு எவ்வளவு?" பதில் சொல்ல அவரால் முடியாது, அவர் தினக்கூலியாக இருக்கலாம். அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள். அதே கேள்வியைத் தாளில் எழுதி மேலே அனுப்புங்கள். நூறு பேர் ரீல்ஸ் போடுகிற இடத்தில் பத்துப் பேர் மனு போட்டால் போதும், கரும்பலகை தானாக வரும்.