டொக்டர் சொல்லிப்போட்டார்

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடக் கொஞ்ச நாள் முன்பு மகளின் ரீச்சர் ஒரு விஷயம் கேட்டா. "வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மத்தியானம் இவளுக்கு வயிற்றுவலி வருகிறதே, வீட்டில் ஏதும் பிரச்சினையா?"

பிரச்சினை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில் மரக்கறி. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் பெப்பரோனி பீட்சா. "நான் இண்டைக்கு இறைச்சி சாப்பிடமாட்டன்" என்று சொல்ல வெட்கப்பட்டு, எட்டு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்றிரவு நானும் மனிசியும் கனநேரம் கதைத்தோம். வெள்ளி மரக்கறியை விட்டுவிடுவதா, இல்லை பிள்ளையை இப்படியே வயிற்றுவலி வர விடுவதா? முடிவில்லாமலே படுத்தோம்.

ஜூலையில் சூரிச்சுக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போனோம். முதல் வெள்ளிக்கிழமை ஹில்ட்லில் சாப்பிடுவோம் என்றேன். 1898இல் தொடங்கிய சைவ உணவகம். உலகத்தில் தொடர்ந்து நடக்கும் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸில் இருக்கிறது.

சித்தப்பா எண்பதுகளில் அகதியாகப் போனவர். வேறொரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, அங்கேயே பென்ஷன் எடுத்தவர். "வீட்டில சோறு கிடக்கேக்க அங்க ஏன் காசைக் கொட்டுவான்?" என்றார். மகள் கையைப் பிடித்து இழுத்ததால் வந்தார்.

நூறு வகைக்கு மேல் பரப்பி வைத்திருக்கிறார்கள். தட்டை நிறுத்துக் காசு வாங்குவார்கள். மொன்றியலில் படித்தவர்களுக்குக் கொமென்சால் ஞாபகம் வரும். அங்கேயும் இதே தராசுதான் இருந்தது. மாஸ்டர்ஸ் படிக்கும்போது செயின்ற் டெனித் தெருக் கிளையில் பாரமில்லாத இலைகுழையாகப் பார்த்து எடுப்பேன். அந்த வித்தையைச் சித்தப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "சோறில்லாமல் என்னடா சாப்பாடு" என்று சோற்றைக் குவித்துக்கொண்டு வந்தார்.

"எங்கட பருப்பு ஏன் இஞ்ச இருக்கு?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். அம்ப்ரோசியுஸ் ஹில்ட்ல் என்று பவேரியாவிலிருந்து வந்த ஒரு தையல்காரர். மூட்டுவாதம் வந்து ஊசி பிடிக்க முடியாமல் போனது. டொக்டர் இறைச்சியை விடச் சொல்ல, இங்கே வந்து சாப்பிட்டுச் சுகமாகி, சில வருஷத்தில் கடையையே பொறுப்பெடுத்தார். அந்தக் காலத்தில் மரக்கறி சாப்பிடுகிறவர்களைப் 'புல்லுத்தின்னிகள்' என்று பகிடி பண்ணினார்களாம். பருப்பு வந்தது அவருடைய மருமகள் மார்கிரித்தால். 1951இல் உலக சைவ மாநாட்டுக்கு இந்தியா போய்வந்து, இந்தியச் சமையலை இங்கே தொடங்கியவர் அவர் என்று உணவகத்தின் வரலாற்றில் இருக்கிறது.

மகளின் காதில் 'புல்லுத்தின்னி' விழுந்தது. சித்தப்பாவின் காதில் விழுந்தது 'டொக்டர்'. விழுந்து விழுந்து சிரித்தார்.

"நானும் டொக்டரைத்தானே சொன்னனான்! குசினியில எங்களுக்குப் போடுற சாப்பாட்டில எந்த நாளும் இறைச்சி. வெள்ளி, கந்தசட்டி எண்டு விளங்கப்படுத்த எனக்கு டொச் வராது. டொக்டர் வேண்டாம் எண்டவர் எண்டு சொல்லிப்போட்டன். ஒருத்தரும் மறுகதை கதைக்கேல்லை. செவ்வாய்க்கிழமை கோழி திண்டதைப் பாத்தவங்களும் கேக்கேல்லை."

நானும் சிரித்தேன். அலுவலக விருந்துகளில் 'அலர்ஜி' என்று சொல்லித் தப்புகிற ஆள்தான் நானும். பிள்ளை யாரிடம் படித்தாள் என்று தேடிப் போகத் தேவையில்லை.

மகள் சிரிக்கவில்லை. "எவ்வளவு நாள் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"பென்ஷன் எடுக்கும் வரைக்கும்."

"அப்ப உங்களுக்கு டொச் வந்திட்டுதுதானே?"

சித்தப்பா கொஞ்சநேரம் தட்டைப் பார்த்தார். "சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது" என்றார்.

பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிவிட்டது. புது வகுப்பு, புது ரீச்சர், அதே வெள்ளிக்கிழமை பீட்சா. ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டோ என்று மகளிடம் கேட்டேன்.

"உங்கட பிரெஞ்சிலயோ? வேண்டாம். நானே கதைக்கிறன்."

கதைத்தாளோ தெரியாது. அன்று பின்னேரம் கூட்டப் போனபோது ரீச்சர் வயிற்றுவலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.