மன உறுதி யாருக்கு இல்லை?

‘புகையை விடுவதற்கு மாத்திரை எதற்கு, சூயிங்கம் எதற்கு? மன உறுதி இருந்தால் ஒரே நாளில் விடலாம். நான் விட்டேன்’ என்று தில்லியில் அரசுப் பணி பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மருந்து கேட்பவர்கள் கோழைகளாம். படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் சொல்வதில் ஒன்று உண்மை. புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் மருந்தில்லாமல்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் கரையேறியவர்களை மட்டும் எண்ணுகிறார். எந்தத் துணையும் இல்லாமல் விட முயலும் நூறு பேரில் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். மீதித் தொண்ணூற்றைந்து பேரும் கோழைகளா?

கரோல்பாகில் இருந்த என் பெரியப்பா அந்தத் தொண்ணூற்றைந்தில் ஒருவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் விடுவார். முதல் நாள் வீறாப்பாக இருப்பார். மூன்றாம் நாள் காலை காபி டம்ளரைக் கீழே வைத்ததும் வலது கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். பை காலி. விரல்கள் லேசாக நடுங்கும். பெரியம்மா ஒரு வார்த்தை கேட்டால் தட்டு பறக்கும். நிகோடின் நின்ற இரண்டு மூன்று நாளில்தான் உடல் மிக அதிகமாகத் தவிக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பால் வாங்கப் போனவர் ஏலக்காய் மென்றபடி திரும்புவார். ‘உனக்கெல்லாம் உறுதியே கிடையாது’ என்று சொல்லாத உறவினர் இல்லை. நாலைந்து பொங்கலுக்குப் பிறகு, விட முயல்வதையே யாரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும்கூட. நண்பரின் உபதேசம் செய்யும் வேலை இதுதான். பழக்கத்தை விட வைக்காது, வெட்கப்பட்டு ஒளிய வைக்கும்.

சரி, மருந்தே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். தில்லியில் அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 32 ஏழைக் குடியிருப்புகளில், புகையிலைப் பழக்கமுள்ள 1,200-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரு நிமிட அறிவுரை. மறுபாதிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச்சும் மூச்சுப் பயிற்சியும். 2017-ல் வெளியான முடிவின்படி, பழக்கத்தை விட்டு ஆறு மாதம் நின்றவர்கள் முதல் பிரிவில் 0.5 சதவீதம், இரண்டாவதில் 2.6 சதவீதம். இரண்டு பக்கமும் மாத்திரை கிடையாது. கூட உட்கார்ந்த நேரமும் மூச்சுப் பயிற்சியும்தான் வேறு; பலன் ஐந்து மடங்கு. ‘விட்டுத் தொலை’ என்று சொல்லிவிட்டு நகரும் நண்பர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

2.6-ம் சின்ன எண்தான். அதனால்தான் மருந்தும் வேண்டும் என்கிறேன். நிகோடின் சூயிங்கம் வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-லும் இந்திய அரசு 2022-லும் நிகோடின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அந்தச் சூயிங்கத்தையும் மெல்லத் தெரிய வேண்டும். மெதுவாகச் சில தடவை மென்று, சுள்ளென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். பபிள்கம் போல விடாமல் மென்றால் தொண்டை எரியும், விக்கல் எடுக்கும். ‘இது வேலைக்காகாது’ என்று துப்பிவிடுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும், ஐயா.

அந்த ஆள் தில்லியிலேயே இருக்கிறார். வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016 முதல் இலவசத் தொலைபேசிச் சேவை நடக்கிறது: 1800-11-2356. மாத்திரை விற்பதில்லை, பேசுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் அந்த எண்ணை சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். ஆனால் கூலிவேலை செய்பவர் பாக்கெட் வாங்குவதில்லை. பான் கடையில் ஒற்றை சிகரெட்டை வாங்கி, கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நடக்கிறார். பாக்கெட் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. நண்பர் தம் வீரக்கதைக்கு ஒரு பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டார். அந்த எண்ணுக்கு அதில் ஒரு வரி இடம் இருந்திருக்கும்.