ஆகாயம் விளையாட்டுத் திடல் அல்ல!



மரக்காணத்து உப்பளங்களின் மேல் இப்போது பறவைகளோடு இன்னொன்றும் பறக்கிறது. கல்யாண வீடு என்றால் டிரோன். நாலு நண்பர்கள் கடற்கரைக்குப் போனால் டிரோன். வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்திகளையும் கழுவெளியின் நீர்ப்பரப்பையும் மேலிருந்து படம் பிடித்துக் கைபேசியில் பரப்ப டிரோன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை இயக்கும் தம்பியிடம், "இதை ஓட்ட யார் கற்றுக் கொடுத்தார்கள்? யாரிடம் அனுமதி பெற்றாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். அந்தச் சிரிப்புதான் நமக்குக் கவலை அளிக்கிறது.

பாத்தியில் எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது உப்பு வாருவது என்று அறியாதவனிடம் உப்பளத்தை ஒப்படைப்போமா? கணக்குத் தெரியாதவனைக் கல்லாவில் உட்கார வைப்போமா? மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அதற்கு அவனே பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த நெறி. பிறர் உயிரோடு தொடர்புடைய எந்த வேலைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். வானத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

பயிற்சி இல்லாத துணிச்சல் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு உலகம் கண்ட சான்று ஒன்று. 2018 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் சியாட்டில் விமான நிலையத்தில், தரைப்பணி செய்து வந்த இளைஞர் ஒருவர், பயணிகள் இல்லாமல் நின்றிருந்த விமானம் ஒன்றைத் தானே கிளப்பிக்கொண்டு பறந்தார். அவர் விமானி அல்ல. கணினி விளையாட்டுகளில் விமானம் ஓட்டிப் பார்த்த அனுபவத்தைக் கட்டுப்பாட்டு அறையிடமே அவர் சொன்னார். போர் விமானங்கள் பின்தொடர்ந்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்த அந்த விமானம் ஒரு தீவில் விழுந்து நொறுங்கியது. அவரும் மாண்டார். அது ஒரு நகரத்தின் மேல் விழுந்திருந்தால்? திரையில் பத்து முறை விழுந்தாலும் எழுந்து விடலாம். ஆகாயத்தில் அந்த வசதி கிடையாது!

அங்கே உரிமமே இல்லாதவர் பறந்தார். உரிமமே போலியாக இருந்தால்? அது நம் நாட்டிலேயே நடந்தது. 2011 ஜனவரியில் கோவாவில் தரையிறங்கிய இண்டிகோ விமானம் ஒன்று, பின்சக்கரங்களுக்குப் பதிலாக முன்சக்கரம் முதலில் படும்படி இறக்கப்பட்டது. விசாரணையில், அந்த விமானி போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்றவர் என்று தெரிய வந்தது. நாடு முழுவதும் விமானிகளின் உரிமங்கள் சோதிக்கப்பட்டன. மேலும் சில விமானிகளும் இடைத்தரகர்களும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அதிகாரி ஒருவரும் கைதானார்கள். பிள்ளைகளைப் பிரிந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறக்கிற சமுதாயம் நம் சமுதாயம். விமானி அறையில் இருப்பவர் உண்மையாகவே கற்றவர் என்ற நம்பிக்கையில்தான் நாம் கண்ணயர்கிறோம். அந்த நம்பிக்கையை லஞ்சத்துக்கு விற்றார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய துரோகம்!

பாகிஸ்தானில் நடந்ததையும் பாருங்கள். 2020 ஜூனில் அந்நாட்டு விமானத்துறை அமைச்சர், 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் உரிமம் சரியானதே என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் ஐரோப்பா தன் கதவைச் சாத்திவிட்டது. அது மீண்டும் திறக்க 2024 நவம்பர் வரை ஆயிற்று. சிலர் செய்த தவறு, நேர்மையாக உழைத்துப் படித்தவர்களின் நெற்றியிலும் கறையாக ஒட்டிக்கொண்டது.

"இதெல்லாம் பெரிய விமானங்கள். எங்கள் கையில் இருப்பது கைக்கடக்கமான பொம்மை" என்று தம்பிகள் சொல்லலாம். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தருகே டிரோன் தென்பட்டதாக வந்த தகவலால் மட்டும் சுமார் 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது திருப்பி விடப்பட்டன. ஏறக்குறைய 1,40,000 பயணிகள் தவித்தார்கள். நமக்கு வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. தெற்கே புதுச்சேரி விமான நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே, 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. பொம்மை பறக்கிற இடமா இது?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி டிரோனைப் பதிவு செய்து எண் பெற வேண்டும். வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்க விடக் கூடாது. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நினைத்தும் பார்க்கக் கூடாது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைக் கூலிக்கு இயக்குபவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்!

வணிகப் பெருமக்களே! வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. பயணப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லி எந்தத் தம்பியையும் தூண்டாதீர்கள். உங்கள் நூறு ரூபாய் லாபத்துக்காக அவன் சுங்க அதிகாரி முன் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? கல்யாண வீட்டாரே! படம் பிடிப்பவரிடம் கட்டணம் பேசும்போது சான்றிதழையும் கேளுங்கள்.

இளைஞர்களே! நாம் உங்களைப் பறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்றுக்கொண்டு பறங்கள் என்கிறோம். வயலுக்கு மருந்து தெளிக்கவும், நிலம் அளக்கவும், புயல் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடவும் இந்தக் கலை இன்று தேவைப்படுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம் இத்துறையில் பெயர் பெற்றது. சான்றிதழ் என்பது வெறும் காகிதமல்ல. சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் காலத்தில் அது உங்கள் கேடயமும்கூட.

அரசுக்கும் ஒரு வார்த்தை. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று இந்தக் கடற்கரையில் தமிழில் பலகை வையுங்கள். விழுப்புரம் மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டும் கட்டணத்தில் பயிற்சி கொடுங்கள். தவறு செய்பவர் மீது நடவடிக்கை எடுங்கள், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் ஒருவன் பறக்க விட்டால் விளையாட்டு, இன்னொருவன் பறக்க விட்டால் சதி என்று பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். வானம் எல்லோருக்கும் பொது. சட்டமும் அப்படியே இருக்கட்டும்.

சகோதரர்களே! இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், உங்கள் தெருவில் டிரோன் வைத்திருக்கும் தம்பியை அன்போடு அழைத்துப் பேசுங்கள். காவல்துறை கேட்பதற்கு முன் நாம் கேட்பது அவனுக்கும் நல்லது, அவன் அறியாமல் அவன் டிரோனுக்குக் கீழே நடந்து போகிறவர்களுக்கும் நல்லது.