ஆள் அதிகமா, பற்றாக்குறையா?

'கவர்மென்ட்ல ஆள்தான் அதிகம், வேலை நடக்காது.' டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் இதை யாரும் மறுப்பதில்லை. புதிதாக ஒரு பணியிடம் என்றாலே 'வரிப்பணம் வீண்' என்ற கூச்சல் எழுகிறது.

முதலில் அந்த 'அதிகம்'. ஏழாவது ஊதியக் குழு 2015 அறிக்கையில் ஒப்பிட்டுக் காட்டியது: லட்சம் மக்களுக்கு மத்திய அரசு ஊழியர், அமெரிக்காவில் 668 பேர்; இந்தியாவில் 139. துறைகளைச் சேர்ப்பதையும் விடுவதையும் பொறுத்து நம் எண்ணிக்கை கூடலாம். ரயில்வேயைச் சேர்த்தாலும் அமெரிக்காவை எட்டாது.

'இருக்கிறவர்களை ஒழுங்காக வேலை வாங்கினால் போதாதா?' அங்கன்வாடியைப் பாருங்கள். பொதுவாக மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சத்துமாவு கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைத்துவர வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்கும் போய்வர வேண்டும். பதிவேடு எழுதி, போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் மிச்ச நேரத்தில்தான். இவரிடம் இன்னும் எதைக் கறக்கப் போகிறோம்?

ஆளைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் 4 மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுதான் அவருடைய வேலை. 18 மாதங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. தொடர்ந்து வந்த பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள், மொழியில் அதைவிடவும். எனக்கு வியப்பளித்தது அடுத்த முடிவு: வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைவு. வந்தவர் பாடத்தைப் பார்த்துக்கொள்ள, பழைய பணியாளருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. செலவைவிடப் பலன் மிக அதிகம் என்றே ஆய்வு கணக்கிடுகிறது.

'செயலி வந்துவிட்டதே, ஆள் எதற்கு?' செயலி எடையைப் பதியும். அழுகிற பிள்ளையைத் தூக்கித் தராசில் வைக்காது.

'சம்பளத்தைக் கொட்டினால் மட்டும் வேலை நடந்துவிடுமா?' இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இந்தோனேசியாவில் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். மாணவர்களின் கற்றலில் மாற்றமே இல்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே கூடியது சம்பளம், ஆள் அல்ல. ஏற்கெனவே இருப்பவருக்குக் கூட்டித் தருவது வேறு, ஆளில்லாத வேலைக்கு ஆள் போடுவது வேறு. முன்னது தோற்றதைக் காட்டிப் பின்னதை மறுப்பது சரியான வாதமாகாது. அங்கன்வாடிப் பணியாளருக்கோ மத்திய அரசின் கணக்கில் தரப்படுவது சம்பளம்கூட அல்ல, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. காலியிடங்களை நிரப்புவதோடு நில்லாமல், மையத்துக்கு ஓர் அரைநேரக் கற்பிப்பாளரை அமர்த்த அரசு அடுத்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.