கட்டில் எந்த மரம்?



திருச்சியில் மாடி மாடியாகத் திறந்திருக்கும் பர்னிச்சர் கடைகளில் கட்டில் வாங்கப் போனால் கால்வலிதான் மிச்சம். விலைச்சீட்டு தொங்குகிறது, எந்த மரம் என்பது அதில் இல்லை. தேக்குப் போல மினுங்குவது பல நேரம் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை, தண்ணீர் பட்டால் ஊதிவிடும். கேட்டால் விற்பனைப் பையன் அடுத்த மாடியைக் கைகாட்டுகிறார். எங்கள் ஊர் ஜீயபுரம் என்றதும் வண்டி வாடகை தனியாம். கரூர் சாலையில்தான் இருக்கிறோம், கண்காணாத காட்டில் இல்லை!

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று வேறு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. மர வகையையும் வண்டி வாடகையையும் விலைச்சீட்டிலேயே அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

— வாசகர், ஜீயபுரம், திருச்சி மாவட்டம்